மலை எதற்கு?

மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் நடக்கும்போது எனக்கு இயற்பியலாளர் நீல்ஸ் போர் நினைவுக்கு வந்துவிடுவார். 1960 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்தார். வந்தவர் இந்தத் தெருவில் இருந்த ஏகாம்ர நிவாஸுக்கும் வந்தார். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் வீடு அது. அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். பிரின்ஸ்டனில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர், அங்கே பார்த்த கருத்தரங்குப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவர ஆசைப்பட்டார். மாணவர்களைத் தன் வீட்டிலேயே கூட்டிவைத்துத் துகள் இயற்பியல் பேசினார். பரீட்சைக்கு வராத இயற்பியல். போர் அந்த இளைஞர்களைப் பார்த்துப் பாராட்டியது பத்திரிகைகளில் வந்து நேருவின் காதுக்கும் எட்டியது. அப்போது மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் துணைநின்றார். 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில், வானியற்பியலாளர் எஸ்.சந்திரசேகர் முன்னிலையில், கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. இப்போது தரமணியில் இருக்கிறதே, அதுதான்.

ஆனால் போரை நான் நினைப்பதற்குக் காரணம் வேறு. நியூட்ரினோ என்ற ஒன்று இருக்கும் என்று ஒப்புக்கொள்ளத் தயங்கிய பெரியவர் அவர். கதிரியக்க அணுக்கரு ஒன்று எலெக்ட்ரானை வெளியே தள்ளும்போது, அந்த எலெக்ட்ரான் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஆற்றலோடு வர வேண்டும். வரவில்லை. ஒருமுறை நிறைய, ஒருமுறை குறைவு. மீதி எங்கே போனது? ஆற்றல் அழியாது என்ற விதியையே அணுவுக்குள் கைவிட்டுவிடலாம் என்கிற அளவுக்குப் போர் போனார். வுல்ஃப்காங் பவுலிக்கு மனம் ஒப்பவில்லை. 1930 டிசம்பர் 4 அன்று சூரிச்சிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். மின்னூட்டம் இல்லாத, மிகக் குறைந்த எடையுள்ள இன்னொரு துகள் மீதி ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது என்பது அவர் ஊகம். சில ஆண்டுகள் கழித்து என்ரிகோ ஃபெர்மி அதற்கு ஒரு முழுக் கோட்பாடே கட்டினார். 1936இல் போரும் இசைந்தார். தான் சந்தேகப்பட்ட துகளைத் தன் வாழ்நாளிலேயே மற்றவர்கள் கருவியில் பிடித்துவிட்ட பிறகுதான் அவர் மயிலாப்பூருக்கு வந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பெரிய மனிதர்கள் தங்கள் சந்தேகத்தை விட்டுக்கொடுத்த கதைகளை நாம் பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சொல்வதில்லை.

1930 என்றதும் மனம் கப்பலுக்குப் போய்விடுகிறது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறிய சந்திரசேகருக்கு 19 வயது. மயிலாப்பூரிலிருந்து போன பிள்ளை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. கேம்பிரிட்ஜ் போய்ச் சேருமுன் கடலிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையைத் தானே தாங்க முடியுமா? ஒரு வரம்பு வரைக்கும் முடியும். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு எடை. அதைத் தாண்டினால் தாங்காது. ஆகஸ்டில் கடலில் ஒரு கணக்கு, டிசம்பரில் சூரிச்சில் ஒரு கடிதம். எழுதிய இருவருக்கும் ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தொடர்புள்ளது என்று அன்று தெரிய வாய்ப்பில்லை. தொடர்பு தெரிய 57 ஆண்டுகள் ஆயின.

அதற்குள் போகுமுன் இந்தத் துகளின் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. எட்டு நிமிடத்தில் இங்கே வந்துவிடுகின்றன. உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 6,500 கோடி. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரவிலும் எண்ணிக்கை குறையாது. நமக்கு நள்ளிரவு என்றால் சூரியன் மெக்ஸிகோ பக்கம் இருக்கிறது. நியூட்ரினோ பூமியைத் துளைத்துக்கொண்டு பாயின் அடியிலிருந்து மேலே வருகிறது. நம் உடம்பிலுள்ள பொட்டாசியமும் அதன் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோவை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. எதுவும் நம்மைத் தொடுவதில்லை. ஓர் ஒளியாண்டு நீளத்துக்கு ஈயத்தை அடுக்கினாலும் பாதிக்குப் பாதி தப்பித்துப் போய்விடும். 1934இல் ஹான்ஸ் பெத்தேயும் ருடால்ஃப் பையர்ல்ஸும் கணக்குப் போட்டுவிட்டு, இதைப் பார்க்க வழியே இல்லை என்று முடிவுகட்டினார்கள்.

வழி இருந்தது. ஒன்று வந்து மோதும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றால், வருகிறவற்றின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்; மோதப்படும் பொருளின் அளவைக் கூட்ட வேண்டும்; பிறகு காத்திருக்க வேண்டும். கிளைட் கவனும் ஃபிரெட் ரைன்ஸும் அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலைக்கு அருகே தொட்டி வைத்தார்கள். அணு உலை கொட்டுகிற எதிர்நியூட்ரினோ, தண்ணீரிலுள்ள புரோட்டானில் மோதினால் ஒரு பாசிட்ரானும் ஒரு நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் உடனே ஒரு மினுக்கு. நியூட்ரான் சற்று அலைந்து காட்மியத்தில் சிக்கி, சில மைக்ரோநொடி கழித்து இரண்டாவது மினுக்கு. இந்த இரட்டை மினுக்குதான் அடையாளம். ஒரு மணி நேரத்துக்கு மூன்று போலக் கிடைத்தன. 1956 ஜூன் மாதம் பவுலிக்குத் தந்தி போனது.

தி.நகருக்குப் பட்டுப்புடவை சலவைக்குப் போடப் போன நாட்களில், பாண்டி பஜார் டிரை கிளீனிங் கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த மணம் எனக்கு ரேமண்ட் டேவிஸைக் கொண்டுவரும். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், அவர் ஒரு தொட்டி நிறைய நிரப்பியது இந்தச் சலவைத் திரவத்தைத்தான், ஏறத்தாழ 3.8 லட்சம் லிட்டர். அதில் குளோரின் நிறைய இருக்கிறது, விலையும் குறைவு. சூரிய நியூட்ரினோ ஒரு குளோரின் அணுவைத் தாக்கினால் அது ஆர்கானாக மாறும். இரண்டு நாளுக்கு ஓர் அணு என்ற கணக்கில்தான் மாற்றம். அவ்வளவு பெரிய தொட்டிக்குள் ஹீலியத்தை ஊதி, அந்த விரல்விட்டு எண்ணத்தக்க ஆர்கான் அணுக்களைத் திரட்டி, ஒவ்வொன்றாக எண்ணினார். கோட்பாடு சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. எண்ணியது தவறு என்றார்கள். சூரியனைப் பற்றிய கணக்கு தவறு என்றார்கள். டேவிஸ் எண்ணுவதை நிறுத்தவில்லை. 1960களின் இறுதியில் தொடங்கி கால் நூற்றாண்டுக்கு மேல் எண்ணினார்.

தவறு இருவர் பக்கமும் இல்லை. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு, ஒரு வகை வழியிலேயே இன்னொன்றாக மாறிவிடும். டேவிஸின் தொட்டி ஒரு வகையை மட்டும் பார்த்தது. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே 1998இல் வளிமண்டல நியூட்ரினோவில் இந்த மாற்றத்தைக் காட்டியது. கனடாவின் சட்பரி ஆய்வகம், ஒரு நிக்கல் சுரங்கத்துக்குள் 1,000 டன் கனநீரை வைத்து, சூரியனிலிருந்து வருகிற மொத்த எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது என்று 2001, 2002இல் நிறுவியது. மாற வேண்டுமானால் எடை இருக்க வேண்டும். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எடை. டேவிஸ் நோபல் மேடை ஏறியபோது அவருக்கு 88 வயது.

தங்கச் சுரங்கம் என்று எழுதியதும் பெரியப்பா வந்து நிற்கிறார். கோலார் தங்கவயலில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். கோடை விடுமுறைக்கு மயிலாப்பூர் வந்தால், சித்திரக்குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குச் சுரங்கக் கதை சொல்வார். வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பங்கள், தமிழ் பேசும் லைன் வீடுகள், ஆழத்தில் தொட்டாலே சுடுகிற பாறை, திடீரென்று பாறை வெடித்து ஆட்கள் திரும்பி வராமல் போகும் நாட்கள். அதற்கு நடுவே, "கண்ணாடிக் குழாய் எடுத்துக்கொண்டு பம்பாய்க்காரர்கள் கேஜில் இறங்குகிறார்கள், தங்கம் தேடவில்லையாம்" என்றும் சொன்னார். தேடுவது என்ன என்று நான் கேட்டேன். "வானத்திலிருந்து வருவதைப் பூமிக்குள் போய்த் தேடுகிறார்கள்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தால்தான் நான் இயற்பியல் படித்தேன் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

பெரியப்பா சொன்னது 1965ஆம் ஆண்டின் பெரிய கண்டுபிடிப்பு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் மேலடுக்கில் மோதும்போது மியூவான் என்ற துகள்களும் நியூட்ரினோக்களும் கொட்டுகின்றன. மியூவான் நம் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று போலப் போய்க்கொண்டே இருக்கும். தரையில் கருவி வைத்தால் அந்த இரைச்சலில் நியூட்ரினோ தெரியவே தெரியாது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், ரமண மூர்த்தி ஆகியோரும், ஒசாகாவிலிருந்து வந்த மியாகே, டர்ஹாமிலிருந்து வந்த உல்ஃபெண்டேல் போன்றவர்களும் சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி அமைத்தார்கள். அதற்கு முன்பே இன்னும் ஆழத்தில் ஒரு கருவியை இறக்கிப் பார்த்திருந்தார்கள். சுமார் இரண்டு மாதத்தில் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர்கள் சோர்ந்துபோகவில்லை; இதுதான் நியூட்ரினோவுக்கு ஏற்ற இடம் என்று தெரிந்துகொண்டார்கள்.

மேலிருந்து வரும் மியூவானைப் பாறை தடுத்துவிடும். பூமியைக் கடந்து வரும் நியூட்ரினோ, கருவிக்குப் பக்கத்துப் பாறையில் மோதிப் புதிதாக ஒரு மியூவானைப் பிறப்பித்தால், அது பக்கவாட்டிலோ கீழிருந்தோ வரும். அதனால் கருவியைக் கூரைபோல் வைக்காமல் சுவர்போல் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் மின்னொளி தரும் பிளாஸ்டிக் தகடுகள், நடுவே நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள். துகள் கடந்தால் குழாய்கள் வரிசையாக ஒளிரும், கேமரா அதைப் படமெடுக்கும். பெரியப்பா பார்த்த குழாய்கள் இவைதான். வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகில் முதன்முதலாக அறிவித்த கட்டுரை அந்த ஆகஸ்ட் மாதம் வெளியானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அதையே தேடிக்கொண்டிருந்த ரைன்ஸ் குழுவின் கட்டுரை சுமார் இரண்டு வாரம் கழித்து வந்தது.

தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. ஆய்வு அதற்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில் நின்றுபோயிருந்தது. உலகம் முழுக்க நியூட்ரினோ ஆய்வு உச்சத்துக்குப் போன நேரத்தில் நம் கையிலிருந்த ஆழம் போய்விட்டது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இந்த வரிசையில் தாம்பரத்தையும் விட முடியாது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்து 1951இல் பட்டம் பெற்ற ஜார்ஜ் சுதர்சன், பின்பு ராபர்ட் மார்ஷக்குடன் சேர்ந்து 1957இல் அணுக்கருவிலிருந்து எலெக்ட்ரானையும் நியூட்ரினோவையும் வெளியேற்றும் பலவீன விசையின் வடிவத்தை வகுத்தார். நியூட்ரினோ எப்போதும் இடக்கைத் திசையில் மட்டுமே சுழல்கிறது என்பதும் இந்த விசைக்கு இடது வலது வேறுபாடு உண்டு என்பதும் அதில் அடங்கும். ஒரு மாநாட்டில் அவர் பேச வாய்ப்புக் கிடைக்காமல் போனது, ஃபைன்மனும் கெல்மனும் அதே முடிவைத் தங்கள் கட்டுரையில் முதலில் அச்சேற்றியது எல்லாம் தனிக்கதை. முன்னுரிமை சுதர்சனுக்கும் மார்ஷக்குக்கும் உரியது என்று ஃபைன்மனே பின்னால் ஒப்புக்கொண்டார். 1980களில் சுதர்சன் தரமணி நிறுவனத்தின் இயக்குநராகவே இருந்தார்.

1980களில்தான் அந்தக் கப்பல் கணக்கும் சூரிச் கடிதமும் சேர்ந்தன. 1987 பிப்ரவரி 23. பெரிய மெகல்லன் மேகத்தில், 1.68 லட்சம் ஒளியாண்டு தொலைவில் ஒரு நட்சத்திரத்தின் இரும்பு மையம் சந்திரசேகர் வரம்பைத் தாண்டி நொறுங்கிய சேதி அன்று நம்மை எட்டியது. அந்த நொறுங்கலில் எலெக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அழுத்தப்பட்டு நியூட்ரான்களாகின்றன, நியூட்ரினோக்கள் வெளியே கொட்டுகின்றன. வெடிப்பின் ஆற்றலில் சுமார் 99 சதவீதத்தை எடுத்துச் செல்வது அவைதான். நாம் காணும் ஒளி மிச்சம் மீதி. ஜப்பானின் கமியோகாண்டே தண்ணீர்த் தொட்டியில் சுமார் 13 நொடிக்குள் 11 நியூட்ரினோக்கள், அமெரிக்காவில் எட்டு, சோவியத் பக்ஸானில் ஐந்து. தண்ணீருக்குள் ஒளியைவிட வேகமாக ஓடும் மின்துகள் நீலநிற ஒளிக்கூம்பை விடும். சுவர் முழுக்கப் பதித்த ஒளிக்குழல்கள் அதைப் பிடிக்கும். ஒளி வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோ வந்துவிட்டது. வெடித்த உடம்பைக் கிழித்துக்கொண்டு ஒளி வெளியே வர நேரமாகிறது. நியூட்ரினோவுக்குத் தடை ஏது. சந்திரசேகர் 1995 வரை இருந்தார். 19 வயதில் கடலில் போட்ட கணக்கு நட்சத்திரத்தின் சாவில் மெய்யானதை அவர் பார்த்துவிட்டுப் போனார் என்பது எனக்கு ஆறுதல்.

மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்குக் கபாலீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் திருவாதிரையை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தச் செந்நிற நட்சத்திரமும் ஒருநாள் இப்படித்தான் முடியும். அது நமக்கு மிகப் பக்கம். சில நூறு ஒளியாண்டு. வெடிப்பதற்குச் சில நாள் முன்பே அதன் நியூட்ரினோக்கள் பெரிய கருவிகளில் தெரிய வாய்ப்புண்டு என்கிறார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மந்தைவெளியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த ஒரு பெண், சொந்த ஊர் போடிப் பக்கம்; நியூட்ரினோ ஆய்வகத்துக்காகக் குடையத் திட்டமிட்ட மலை அங்கேதான். நியூட்ரினோ எதிலும் நிற்காது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டாள்: "மலையே அதைத் தடுக்காது என்றால், மிஸ், எங்கள் மலை எதற்கு?"

நான் அதுவரை கேட்டவற்றிலேயே சிறந்த கேள்வி அது. மார்கழிக் கச்சேரியில் தம்புராவின் மெல்லிய ஒலி காதில் விழ வேண்டுமானால் சபாவின் கதவைச் சாத்துவதில்லையா, அதற்குத்தான் மலை என்றேன். நியூட்ரினோவைத் தடுக்க இல்லை. மற்ற எல்லாவற்றையும் தடுக்க. மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால் காஸ்மிக் கதிரின் இரைச்சல் ஏறக்குறைய அடங்கிவிடும். அவள் தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டாள்: "பாறையை வெடிவைத்து உடைத்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்னவாகும்?"

இந்தியாவுக்கு மறுபடி ஓர் ஆழம் வேண்டும் என்ற பேச்சு 2000, 2001இல் சென்னையில் நடந்த கூட்டங்களில்தான் உருவம் பெற்றது. கமுதியில் பிறந்து தரமணியில் பணியாற்றிய ஜி.ராஜசேகரன் அதை விடாமல் முன்னெடுத்தவர்களில் ஒருவர். முதலில் நீலகிரியின் சிங்காரா. யானைகளின் வழித்தடம், முதுமலைப் புலிகள் காப்பகம் ஆகியவற்றை முன்னிட்டு 2009இல் அது மறுக்கப்பட்டது. மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். பிறகு தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தின் அம்பரப்பர் மலை. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை, உள்ளே சுமார் 50,000 டன் காந்தமூட்டிய இரும்புத் தகடுகள், இடையிடையே துகளை உணரும் கண்ணாடிப் பெட்டிகள். காந்தப் புலத்தில் மியூவான் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று பிரித்தறியலாம். அதிலிருந்து மூன்று வகை எடைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையைத் தேடலாம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மதுரையில் வழக்கு; 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது; 2018இல் மத்திய அரசு மறுபடி அனுமதி; 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. மலை அப்படியே நிற்கிறது.

ஊரில் இரண்டு விதமான அச்சங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நியூட்ரினோ கதிர்வீச்சு மக்களைப் பாதிக்கும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அந்தக் கருவி எதையும் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே நம்மைக் கடந்து போவதைப் பார்க்க மட்டும் செய்யும். ஆனால் வெடிவைப்பது, லட்சக்கணக்கான டன் கல்லை எங்கே கொட்டுவது, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர், அருகிலுள்ள மதிகெட்டான் சோலைக் காடு, இவற்றைப் பற்றிய கேள்விகள் முழுக்க நியாயமானவை. முதல் அச்சத்தைக் காட்டி இரண்டாவதையும் அறியாமை என்று ஒதுக்கியவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. இரண்டாவதைக் காட்டி முதல் பொய்யைப் பரப்பியவர்கள் மீதும் அதே கோபம்தான். ஓர் ஆர்கான் அணுவுக்கு இரண்டு நாள் காத்திருக்கத் தெரிந்த ஒரு துறை, ஒரு கிராமத்தின் சம்மதத்துக்கு ஐந்து ஆண்டு காத்திருந்தாலும் தகும். வரைபடம் போடுவதற்கு முன்பே, தேனித் தமிழில், கேள்வி கேட்கிறவர் களைக்கும்வரை பேசியிருக்க வேண்டும்.

இதற்கிடையே எடை வரிசையைத் தேடும் சீனாவின் ஜூனோ கருவி, நிலத்தடியில் 20,000 டன் மின்னொளித் திரவத்தோடு 2025இல் வேலையைத் தொடங்கிவிட்டது. தென்துருவப் பனிக்குள் ஒரு கன கிலோமீட்டர் அளவுக்கு 5,000க்கும் மேற்பட்ட உணரிகளைத் தொங்கவிட்டிருக்கும் ஐஸ்கியூப், வெகுதொலைவு விண்மீன் திரள்களிலிருந்து வரும் நியூட்ரினோக்களைப் பதிவுசெய்கிறது. தரமணியின் மாணவர்கள் உலகின் கணக்குகளோடு தங்கள் கணக்கை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மதுரையில் 85 டன் இரும்பில் பொட்டிப்புரத் திட்டத்தின் சிறிய மாதிரி ஒன்று தரைக்கு மேலே மியூவான்களை எண்ணியிருக்கிறது.

பொட்டிப்புரத்திலிருந்து மதுரை சுமார் 110 கிலோமீட்டர். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை வண்டி வைத்து அழைத்துப்போய் அந்த இரும்புத் தகடுகளுக்கு முன்னால் நிறுத்தலாம். கூடவே நிலத்தடி நீர் தெரிந்த ஒருவரையும் பாறை தெரிந்த ஒருவரையும் உட்கார வைக்க வேண்டும். போடிப் பெண்ணின் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. இரண்டாவதற்கு அவர்கள்தான் சொல்ல வேண்டும். கிணற்றின் ஆழத்தை அளந்து, வெடியின் அதிர்வை அளந்து, எண்களோடு.